இஞ்சின் ஓடுது, கதவு திறக்குதில்லை: றிமோட் ஸ்ராட்டருக்கு லொக் வயர் எதற்கு?

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம் சுன்னாகம் சந்தையடியில் இருந்து ஒரு அழைப்பு. "அண்ணை, கார் ஸ்ராட்டில நிக்குது, ஏசியும் ஓடுது, ஆனா கதவு திறக்குதில்லை. றிமோட்டை அமத்தி அமத்திப் பாக்கிறன், ஒண்டும் நடக்குதில்லை." பின்னால் பிள்ளை சிணுங்குவது கேட்டது. சாவியைக் கதவுத் துவாரத்தில் போட்டுத் திருப்பச் சொன்னேன். திரும்பவில்லை. றிமோட் வந்த பிறகு அந்தத் துவாரத்தை யாரும் தொடுவதில்லை. வருசக்கணக்கில் செம்மண் தூசி ஏறி இறுகிப் போயிருந்தது.

"சரி தம்பி, ஸ்ராட்டர் றிமோட்டாலயே இஞ்சினை நிப்பாட்டுங்கோ. பிறகு காரோட வந்த றிமோட்டை அமத்திப் பாருங்கோ" என்றேன். கதவு திறந்த 'டக்' சத்தம் போனிலேயே கேட்டது.

கதவு திறந்தது. ஆனால் எதற்காக றிமோட் ஸ்ராட்டரை, அதாவது வெளியில் நின்றே இஞ்சினை ஓடவிடுகிற அந்தச் சாமானைப் பூட்டினாரோ, அது போய்விட்டது. ஏசி நின்று, கார் மறுபடி அடுப்பாகிவிட்டது. அன்று அவரிடம் போனில் சொல்லி முடிக்காததைத்தான் இங்கே எழுதுகிறேன். வயரிங் தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி சொல்லப் பார்க்கிறேன்.

றிமோட் ஸ்ராட்டர் பெரிய மந்திரம் ஒன்றும் செய்வதில்லை. சாவியைத் திருப்பும்போது எந்தெந்த வயருக்கு மின்சாரம் போகுமோ, அதே வயர்களுக்கு அதே ஒழுங்கில் மின்சாரம் கொடுக்கிறது. காரைப் பொறுத்தவரை யாரோ சாவியைத் திருப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். சாவி 'ஓன்' நிலையில் இருந்தால் சாரதி உள்ளே இருக்கிறார் என்று கார் எடுத்துக்கொள்ளும். அந்த நேரம் பொக்கற்றில் கிடக்கும் றிமோட் தவறுதலாக அமுங்கி, ஓடுகிற காரின் கதவு திறந்துவிடக் கூடாது. அதனால் பல கார்களில் இக்னிசன் ஓனில் இருக்கும்வரை கம்பனி றிமோட்டை கார் காதில் வாங்காது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் றிமோட் ஸ்ராட்டர் போட்டவர் காருக்கு வெளியில் நிற்கிறார். இது காருக்குத் தெரியாது.

ஆகவே கதவைப் பூட்டவும் திறக்கவும் ஸ்ராட்டருக்கென்று தனியாக ஒரு வழி வேண்டும். அதற்காகத்தான் பெட்டிக்குள் 'லொக்', 'அன்லொக்' என்று இரண்டு வயர்கள் வருகின்றன. அவற்றை இணைக்காவிட்டாலும் இஞ்சின் ஸ்ராட் ஆகும், ஏசியும் ஓடும். அதனால் ஸ்ராட்டரைப் பொருத்துகிறவர்கள் பலர் அந்த இரண்டையும் சுருட்டி ரேப் சுற்றி டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் செருகிவிட்டுப் போய்விடுகிறார்கள். அரை வேலை என்றுதான் அதை நான் சொல்வேன். ஓடிக்கொண்டு நிற்கிற கார் பூட்டியிருக்க வேண்டும், சொந்தக்காரர் கேட்டதும் திறக்க வேண்டும். இரண்டுக்கும் இந்த வயர்கள்தான் ஆதாரம்.

யாழ்ப்பாணத்தில் இந்த வேலை இப்போது அதிகமாகவே வருகிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் கையில் இருந்த காரையே சனம் மெருகேற்றிக் கொண்டது. கனடாவில் இருந்து வருகிற உறவுகள் பெட்டியில் ஒரு ஸ்ராட்டரும் கொண்டு வருவார்கள். அங்கே அது பனிக்காலத்தில் காரைச் சூடாக்க, இங்கே வெயிலில் குளிராக்க. சாமான் ஒன்றுதான். ஆனால் அதனோடு வரும் வயரிங் தாள் இடப்பக்கம் ஸ்ரியறிங் உள்ள வட அமெரிக்கக் கார்களுக்கானது. அதில் பச்சை என்று இருப்பது உங்கள் ஜப்பான் காரில் நீலமாக இருக்கலாம், வேறு இடத்திலும் இருக்கலாம். தாளை நம்பி வயரை வெட்டாதீர்கள். வோல்ற் பார்க்கிற மீற்றரை நம்புங்கள்.

கதவுக்குள் என்ன இருக்கிறது

நான்கு கதவுக்குள்ளும் ஆளுக்கொரு சின்ன மோட்டார். அதற்கு இரண்டே வயர். ஒன்றில் பிளஸ், மற்றதில் ஏர்த் (பற்றரியின் மைனஸோடு சேர்ந்த காரின் உடல், அதாவது பொடி) கொடுத்தால் கம்பி கீழே இறங்கிப் பூட்டும். மாற்றிக் கொடுத்தால் மேலே ஏறித் திறக்கும். கிணற்றுத் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு முனை இறங்கினால் மற்ற முனை ஏறும். மோட்டாருக்கு மின்சாரம் ஒரு வினாடிக்கும் குறைவாகத்தான் போகும். தொடர்ந்து கொடுத்தால் மோட்டார் எரியும். வேலை முடிந்ததும் பெரும்பாலும் இரண்டு வயரும் ஏர்த்தில் போய் உட்காரும். இந்தக் கடைசி வசனத்தை மறக்க வேண்டாம், கீழே தேவைப்படும்.

இந்த மோட்டார்களுக்கு யார் உத்தரவு கொடுக்கிறார்கள் என்பதில்தான் காருக்குக் கார் வித்தியாசம். ஸ்ராட்டரின் இரண்டு வயரை எங்கே எப்படிக் கொடுப்பது என்பதும் அதிலேயே தங்கியிருக்கிறது.

முதலாவது வகை, ஏர்த் கொடுத்தால் வேலை செய்வது. சாரதிக் கதவில் இருக்கும் லொக் சுவிச்சை அழுத்தினால், அது ஒரு மெல்லிய வயரை ஒரு கணம் ஏர்த்தோடு தொடவைக்கிறது. எங்கோ இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி அதை உணர்ந்து, தன் சொந்த றிலேக்களால் (மின்சாரத்தால் இயங்குகிற சுவிச்சுகளால்) மோட்டார்களை ஓட்டுகிறது. வாசலில் உள்ள கோலிங் பெல் போல: நீங்கள் அழுத்துவது ஒரு சைகை மட்டுமே, கதவைத் திறப்பவர் உள்ளே இருக்கிறார். இங்கே ஓடுகிற பல ரொயோட்டா கார்கள் இந்த வகைதான். வேலையும் இதில்தான் சுலபம், ஏனென்றால் ஸ்ராட்டரின் லொக், அன்லொக் வயர்களும் பெரும்பாலும் ஏர்த் கொடுப்பவையே. அவற்றால் தாங்கக்கூடிய மின்னோட்டம் அரை அம்பியருக்கும் குறைவாக இருக்கும். சைகைக்கு அது போதும். லொக் வயருக்கு லொக், அன்லொக் வயருக்கு அன்லொக். நேரடியாக இணைக்கலாம், றிலே தேவையில்லை.

இரண்டாவது, பிளஸ் கொடுத்தால் வேலை செய்வது. அதே கோலிங் பெல் கதைதான், சைகை மட்டும் 12 வோல்ற். ஸ்ராட்டர் ஏர்த் தருகிறது, கார் பிளஸ் கேட்கிறது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவர்தான் றிலே.

மூன்றாவது வகைதான் பலருக்குக் கை சுடும் இடம். இதில் கட்டுப்பாட்டுப் பெட்டி என்று ஒன்று நடுவில் இல்லை. சுவிச்சில் இருந்து வருகிற வயர் நேரே மோட்டாருக்குப் போகிறது. சும்மா இருக்கும்போது இரண்டு வயரும் சுவிச் வழியாக ஏர்த்தில். லொக் பக்கம் அழுத்தினால் ஒரு வயர் மட்டும் ஏர்த்தை விட்டு பிளஸுக்குத் தாவும், மற்றது ஏர்த்திலேயே நிற்கும். மோட்டார் ஓடும். கையை எடுத்தால் இரண்டும் மறுபடி ஏர்த்.

பல வருசத்துக்கு முன்னர், வேலை பழகிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பழைய வானில் இந்த வயரைத் தொட்டேன். மீற்றரைப் பிடித்துக்கொண்டு சுவிச்சை அழுத்தினேன். 12 வோல்ற் காட்டியது. சரி, பிளஸ் வகை என்று முடிவுகட்டி றிலேயில் இருந்து 12 வோல்ற்றை அந்த வயரில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பொத்தானை அழுத்தியதும் பியூஸ் போனது. புதுப் பியூஸ் போட்டேன், அதுவும் போனது. மூன்றாவதைப் போடாமல் யோசித்தது நல்லது. அந்த வயர் சும்மா இருக்கும்போது ஏர்த்தில் இருக்கிறது. அதிலே நான் பிளஸைக் கொண்டுபோய்க் கொடுத்தால், பற்றரியின் பிளஸை நேரே பொடியில் தொட்ட மாதிரித்தான். அழுத்தும்போது என்ன வருகிறது என்று மட்டும் பார்த்தேன், சும்மா இருக்கும்போது அந்த வயர் எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. அன்றிலிருந்து எந்த வயரைத் தொட்டாலும் முதலில் அதன் ஓய்வு நிலையைத்தான் பார்க்கிறேன்.

மீற்றர் வைத்துப் பார்ப்பது எப்படி

இங்கே ஸ்ரியறிங் வலப்பக்கம். ஆகவே சாரதியின் வலது கால் பக்கத்துப் பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றுங்கள். கதவுக்கும் உடலுக்கும் நடுவில் கறுத்த றப்பர் குழாய் ஒன்று இருக்கிறது அல்லவா, அதற்குள்ளால் வருகிற வயர்க் கட்டு அங்கே வந்து விழும். மஞ்சள் உறை போட்ட கட்டு கண்ணில் பட்டால் அது எயார்பாக் வயர், கிட்டவும் போகாதீர்கள். ஹைபிறிட் காரில் செம்மஞ்சள் நிறத் தடித்த வயர் உயர் வோல்ற்றளவு. அதுவும் நமக்கு உரியதில்லை.

பல்ப் வைத்த பழைய ரெஸ்ரரை இந்த வேலைக்குப் பாவிக்க வேண்டாம். அது இழுக்கிற மின்னோட்டம் கொம்பியூட்டர்ப் பெட்டிகளைப் பழுதாக்கலாம். டிஜிற்றல் மீற்றரே வேண்டும். சிவப்பு முனையை எப்போதும் 12 வோல்ற் இருக்கிற ஓர் இடத்தில் பிடியுங்கள். கறுப்பு முனையில் ஊசி ஒன்றைச் செருகி, சந்தேகமான வயரை மெதுவாகக் குத்துங்கள். இப்போது யாரையாவது லொக் சுவிச்சை அழுத்தச் சொல்லுங்கள்.

சும்மா இருக்கும்போது 0 அல்லது ஏதோ சிறிய எண் காட்டி, அழுத்தும்போது மட்டும் 12-க்குத் தாவினால் அது ஏர்த் வகை. சில பெட்டிகள் அந்த வயரில் 5 வோல்ற் வைத்திருக்கும். அப்படியென்றால் மீற்றர் முதலில் 7 அளவில் நிற்கும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம். அழுத்தும்போது 12 வருகிறதா என்பதுதான் கேள்வி.

சும்மா இருக்கும்போதே 12 காட்டி, அழுத்தும்போது 0-க்கு விழுந்தால்? அந்த வயர் ஏர்த்தில் ஓய்வெடுத்து, அழுத்தும்போது பிளஸுக்கு மாறுகிறது. மூன்றாவது வகையாக இருக்கலாம். ஆனால் அவசரப்பட வேண்டாம். பிளஸ் வகை வயரும் உள்ளே ஒரு றிலேச் சுருள் வழியாக ஏர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் மீற்றர் இதே கதையைத்தான் சொல்லும். இரண்டையும் பிரித்தறிய ஒரே ஒரு வழி எனக்குப் பிடித்தது: லொக் வயரை வெட்டிவிட்டு சுவிச்சைப் பாவித்துப் பாருங்கள். பூட்டுவது மட்டும் நின்று, திறப்பது வேலை செய்தால் பிளஸ் வகை. பூட்டுவது, திறப்பது இரண்டுமே நின்றால் மூன்றாவது வகை, ஏனென்றால் மோட்டாரின் வட்டத்தையே வெட்டிவிட்டீர்கள். வெட்டியபின் எந்த முனை சுவிச் பக்கம், எந்த முனை மோட்டார் பக்கம் என்று ரேப் ஒட்டி எழுதி வையுங்கள்.

ஏர்த் வகை என்று தெரிந்தாலும், ஈயம் வைக்க முன்னர் ஒரு தடவை உறுதிசெய்வது என் பழக்கம். 1 அம்பியர் பியூஸ் ஒன்றின் வழியாக அந்த வயரை ஏர்த்தில் ஒரு கணம் தொட்டுக் காட்டுவேன். நான்கு கதவும் ஒன்றாகப் பூட்டினால் அதுதான் வயர்.

றிலேயை எப்படிப் போடுவது

கடையில் வாங்குகிற சாதாரண ஐந்து கால் றிலேயின் அடியில் 85, 86, 30, 87, 87ஏ என்று எழுதியிருக்கும். 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் சுருளின் முனைகள். 30 நடுவில் நிற்பவர். சுருளுக்கு மின்சாரம் இல்லாதபோது 30 போய் 87ஏ-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும். மின்சாரம் வந்தால் 87-க்குத் தாவும். இவ்வளவுதான் றிலே. லொக்குக்கு ஒன்று, அன்லொக்குக்கு ஒன்று என்று இரண்டு வேண்டும்.

இரண்டு றிலேயிலும் 86-க்கு 12 வோல்ற். 85-க்கு ஸ்ராட்டரின் லொக் அல்லது அன்லொக் வயர். 87-க்கு பியூஸ் போட்ட 12 வோல்ற். இதுவரை பிளஸ் வகைக்கும் மூன்றாவது வகைக்கும் ஒன்றுதான். பிளஸ் வகை என்றால் சோதிக்க வெட்டிய வயரை மறுபடி சேர்த்து, 30-ஐக் காரின் லொக் அல்லது அன்லொக் வயரில் இணைத்து, 87ஏ-ஐ வெறுமனே விட்டுவிடலாம்.

மூன்றாவது வகை என்றால் 87ஏ-க்குத்தான் முக்கிய வேலை. அன்லொக் வயரையும் அதேபோல் வெட்டி, ஒவ்வொரு றிலேயிலும் வெட்டிய வயரின் மோட்டார் பக்க முனை 30-க்கு, சுவிச் பக்க முனை 87ஏ-க்கு. இப்போது பாருங்கள்: றிலே ஓய்வில் இருக்கும்போது 30-உம் 87ஏ-உம் தொட்டுக்கொண்டிருக்கின்றன. வெட்டியதே தெரியாதது போல் பழைய சுவிச் வேலை செய்யும். ஸ்ராட்டர் உத்தரவு கொடுத்ததும் 30 ஏர்த்தை விட்டு விலகி, பிறகுதான் 87-இல் பிளஸைத் தொடும். விலகிய பிறகே தொடுவதால் பிளஸும் ஏர்த்தும் ஒருபோதும் முட்டாது. அன்று நான் எரித்த இரண்டு பியூஸுக்கும் மறுமொழி இந்த ஒரு காலில்தான் இருந்தது.

சீனாவில் இருந்து வருகிற மலிவான பெட்டிகளில் லொக்குக்கென்று ஆறு வயர் வெளியே வரும். பார்த்ததும் பயம் வரும், தேவையில்லை. அந்த இரண்டு றிலேயும் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. 30, 87, 87ஏ என்று ஒவ்வொன்றுக்கும் மூன்று வயர், மொத்தம் ஆறு. நிறம் பெட்டிக்குப் பெட்டி மாறும். எது எதுவென்று அதன் தாளிலும் மீற்றரிலும் பார்த்துக்கொண்டால் மேலே சொன்ன அதே கணக்குத்தான்.

எல்லாக் கதவையும் ஒன்றாகப் பூட்டுகிற சென்ரர் லொக்கே இல்லாத கார் என்றால், பழைய மாருதி போல, கதவுக்குக் கதவு மோட்டார் பூட்ட வேண்டும். சாரதிக் கதவுக்கு ஐந்து வயர் மோட்டார்: இரண்டு வயர் மோட்டாருக்கு, மூன்று உள்ளே இருக்கும் சுவிச்சுக்கு. மற்றக் கதவுகளுக்கு இரண்டு வயர் மோட்டார். அது தனிக் கதை. பழைய பென்ஸ் சிலவற்றில் மோட்டாருக்குப் பதில் காற்றுப் பம்பு பூட்டைத் தள்ளி இழுக்கும். அவற்றுக்கு அரை வினாடிச் சைகை காணாது, மூன்று நான்கு வினாடி கொடுக்க வேண்டும். புதிய கார்களில் சிலதில் சுவிச்சில் இருந்து வருவது வெறும் ஏர்த்தோ பிளஸோ இல்லை, தரவு. அல்லது ஒரே வயரில் வெவ்வேறு தடை வைத்து, பூட்டா திறப்பா என்று பெட்டி அறிந்துகொள்ளும். அப்படிப்பட்ட வயரில் கத்தி வைக்காதீர்கள். அந்தக் காருக்கென்று செய்த இணைப்புப் பெட்டி தேவை.

இணைப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முறுக்கி ரேப் சுற்றுவது இந்த ஊர்ச் சூட்டில் ஒரு வருசம் நிற்காது. பசை உருகி வழுக்கி ரேப் கழன்றுவிடும். குருநகர், வல்வெட்டித்துறை போன்ற கடற்கரைப் பக்கத்துக் கார்களில் செப்பு பச்சை பிடித்து, தொட்டால் உதிர்கிற நிலையில் கண்டிருக்கிறேன். ஈயம் வைத்து, சூடு காட்டினால் சுருங்குகிற ரியூப்பை ஏற்றுங்கள். ஊசி குத்திய துளைக்கும் ஒரு சொட்டு சிலிக்கன். 12 வோல்ற் எடுக்கிற இடத்துக்குக் கிட்டவே பியூஸ் போடுங்கள், றிலேக்குக் கிட்ட இல்லை. நடு வழியில் வயர் உரசி பொடியில் பட்டால் காப்பாற்றப் போவது அதுதான்.

காரில் கம்பனி அலாம் இருந்தால் இன்னும் ஒன்று. பூட்டியிருக்கும் காரில் சாவி இல்லாமல் இக்னிசன் ஓன் ஆனால் அலாம் அதைக் களவென்று எடுத்துக் கத்தும். அதனால் ஸ்ராட்டர் முதலில் அலாமை அணைக்கிற சைகையைக் கொடுக்கும். சில கார்களில் அந்தச் சைகையோடு கதவும் திறந்துவிடும். அப்படியான காரில், இஞ்சின் ஓடத் தொடங்கியதும் மறுபடி பூட்டுகிற சைகையையும் ஸ்ராட்டரின் அமைப்பில் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் சந்தையடியில் திறந்த கதவோடு, ஓடுகிற இஞ்சினோடு உங்கள் கார் நிற்கும்.

மனுவல் கியர் காருக்கு இதைப் பூட்டித் தரச் சொன்னால் நான் பூட்டுவதில்லை. கியரில் விட்ட கார் ஸ்ராட் ஆனால் பாயும், முன்னால் ஒரு பிள்ளை நிற்கலாம். அடைத்த கராஜுக்குள்ளும் இதைப் பாவிக்காதீர்கள். புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை, ஆளைக் கொல்லும்.

சுன்னாகத்துத் தம்பி அடுத்த நாள் காரைக் கொண்டுவந்தார். ஸ்ரியறிங்குக்குக் கீழே மூடியைக் கழற்றினால், நினைத்த மாதிரியே, இரண்டு மெல்லிய வயர்கள் சுருட்டி ரேப்போடு கிடந்தன, முனைகூட உரிக்கப்படவில்லை. வலது கால் பக்கத்தில் மீற்றரை வைத்தேன். சும்மா இருக்க 0, அழுத்த 12. ஏர்த் வகை. இரண்டு வயரையும் இழுத்து வந்து ஈயம் வைத்து முடிக்க ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

சோதிக்க முன்னர் சாரதிப் பக்கக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டேன். வயரிங்கில் ஏதும் பிழை என்றால் சாவி உள்ளே, ஆள் வெளியே என்று ஆகிவிடும். அதனால் இதை எப்போதும் செய்வேன். அவர் வேப்பமரத்தடியில் போய் நின்று றிமோட்டை அழுத்தினார். இஞ்சின் எழும்பியது, நான்கு கதவும் பூட்டின. கொஞ்ச நேரம் ஓட விட்டு, திறக்கிற பொத்தானை அழுத்தச் சொன்னேன். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நான்கும் டக் என்று திறந்தன. "அண்ணை, இனிச் சந்தைக்குப் போகலாம்" என்றார். சாவித் துவாரத்துக்கும் கொஞ்சம் கிராபைற் தூள் போட்டு, இரண்டு மூன்று தரம் திருப்பிப் பார்த்துத்தான் விட்டேன்.